பூவா, தலையா? இன்சுலின் ஆராய்ச்சிக்குப் போன மாணவர் சார்லஸ் பெஸ்ட்

1921-ம் ஆண்டு. கனடா நாட்டில் உள்ள டொரன்டோ நகரம்.

அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் காசு சுண்டிப் பார்த்தார்கள்.

பூவா? தலையா?

பந்தயப் பணத்துக்காக அல்ல. கோடை விடுமுறையில் ஒரு டாக்டருக்கு உதவியாளாக முதலில் போவது யார் என்று முடிவு செய்வதற்காக!

காசு ஒருவர் பக்கம் விழுந்தது. அவர் பெயர் சார்லஸ் பெஸ்ட். வயது 22. பட்டப் படிப்பை அப்போதுதான் முடித்துக் கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் அவர் ஆராய்ச்சிச் சாலையில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவினார். நாய்களைப் பார்த்துக் கொண்டார். இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அளந்து அளந்து நோட்டில் எழுதினார்.

அந்த அளவுகளில் இருந்துதான் இன்சுலின் பிறந்தது. சாவின் வாயில் இருந்த நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். இன்று பல வீடுகளில் குளிர்பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்ன மருந்துப் புட்டிக்குப் பின்னால், ஒரு மாணவரின் கோடை விடுமுறை இருக்கிறது.

டாக்டர் மகன்

பெஸ்ட் 1899-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி பிறந்தார். ஊர், அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் உள்ள வெஸ்ட் பெம்புரோக். கனடா எல்லையை ஒட்டிய சிறிய ஊர். பெற்றோர் கனடா நாட்டுக்காரர்கள்.

தந்தை கிராமத்து டாக்டர். நோயாளிகளைப் பார்க்கக் குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போவார். சிறுவன் சார்லசும் கூடவே போவான். நோயாளி வீட்டில் அழுகுரல் கேட்பதும், நோய் குணமான வீட்டில் சிரிப்புக் கேட்பதும் அவனுக்குச் சிறு வயதிலேயே பழகிப் போயின.

அவருடைய அத்தை ஒரு நர்சு. அவருக்கு நீரிழிவு நோய் வந்தது. நம் ஊரில் சர்க்கரை வியாதி என்று சொல்லுகிறோமே, அதேதான். எத்தனையோ நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த அந்த அம்மாளை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. இந்தச் சாவு பெஸ்டின் மனதில் தங்கிவிட்டது.

1916-ம் ஆண்டு பெஸ்ட் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போர் நடந்த காலம் அது. படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். கப்பலில் இங்கிலாந்து வரை போனார். அதற்குள் போர் முடிந்துவிட்டது. திரும்பி வந்து, உடலியலும் உயிர் இரசாயனமும் படித்தார்.

பட்டினி வைத்தியம்

அந்தக் காலத்தில் நீரிழிவு என்றால் என்ன கதி தெரியுமா?

பெரியவர்களுக்கு வரும் நீரிழிவில் சிலர் பல ஆண்டுகள் தாக்குப் பிடிப்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு வரும் நீரிழிவு அப்படி அல்ல. வந்தால் சாவு நிச்சயம்.

பிள்ளைக்குத் தாகம் அடங்காது. அடிக்கடி சிறுநீர் போகும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு இளைக்கும். முடிவில் நினைவு தப்பும். பிறகு உயிர் போகும்.

டாக்டர்களிடம் ஒரே ஒரு வைத்தியம்தான் இருந்தது. அது பட்டினி! சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை குறையும். உயிர் இன்னும் சில மாதங்கள் நிற்கும். நல்ல நேரம் இருந்தால் ஓரிரு ஆண்டுகள் நிற்கும். பசியால் அழும் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்காமல் இருப்பதுதான் பெற்றோர் செய்யக்கூடிய உதவி! பல பிள்ளைகள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள்.

நோய்க்குக் காரணம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் ஓரளவு தெரிந்திருந்தது. நம் இரைப்பைக்குப் பின்புறம் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. 1889-ம் ஆண்டில் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு நாயின் கணையத்தை வெட்டி எடுத்தார்கள். உடனே நாய்க்கு நீரிழிவு வந்தது.

கணையத்துக்குள் தீவுகளைப் போலச் சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கின்றன. 1869-ம் ஆண்டிலேயே இவற்றைக் கண்டு எழுதியவர் பால் லாங்கர்ஹன்ஸ் என்ற ஜெர்மானியர். அவரும் அப்போது ஒரு மாணவர்தான்!

இந்தத் திட்டுகளில் ஒரு மருந்துச் சரக்கு ஊறுகிறது. அதுதான் சர்க்கரையை அடக்குகிறது என்று பல விஞ்ஞானிகள் எண்ணினார்கள். ஆனால் அதைத் தனியே எடுத்து நோயாளிக்குக் கொடுக்க முடியவில்லை. பலர் முயன்றார்கள். பலன் நிற்கவில்லை.

டாக்டர் பாண்டிங் வந்தார்

அப்போதுதான் பிரடரிக் பாண்டிங் என்ற டாக்டர் வந்தார். அவர் ஒரு விவசாயியின் மகன். போரில் காயம் பட்டவர். அறுவை வைத்தியம் படித்தவர். தனியாக வைத்தியம் செய்யத் தொடங்கினார். நோயாளிகள் அதிகம் வரவில்லை.

1920-ம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு, கணையத்தைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தார். அவருக்கு ஒரு யோசனை பிறந்தது.

கணையத்தில் உணவைச் செரிக்க வைக்கும் நீரும் சுரக்கிறது. அந்த நீர்தான் மருந்துச் சரக்கை அழித்துவிடுகிறது போலும். ஆகையால் அந்த நீர் போகும் குழாயைக் கட்டிவிட்டால் என்ன? நீர் சுரக்கும் பகுதி சுருங்கிப் போகும். தீவுத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். அதில் இருந்து சரக்கை எடுக்கலாம். இதுதான் அவர் யோசனை. (இந்த யோசனை முழுவதும் சரி அல்ல என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் காரியம் தொடங்க அது போதுமாக இருந்தது.)

பாண்டிங், டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பேராசிரியர் மெக்லவுடைப் பார்த்தார். மெக்லவுட் சர்க்கரைச் சத்து ஆராய்ச்சியில் பெரிய பெயர் பெற்றவர். அவருக்கு இந்த யோசனையில் முழு நம்பிக்கை பிறக்கவில்லை. என்றாலும் கதவை அடைக்கவில்லை. கோடை விடுமுறைக்கு ஆராய்ச்சிச் சாலையில் ஓர் அறை, சில நாய்கள், உதவிக்கு மாணவர்கள்... இவ்வளவும் கொடுக்கச் சம்மதித்தார்.

அந்த மாணவர்கள் யார்? ஒருவர் பெஸ்ட். மற்றவர் அவருடன் படித்த கிளார்க் நோபிள். எட்டு வார வேலையை இருவரும் நாலு நாலு வாரமாகப் பங்கிட்டுக் கொள்வதாக ஏற்பாடு. முதலில் போவது யார் என்பதற்குத்தான் அந்தப் பூவா தலையா!

மொட்டை மாடி வெயில்

1921-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி வேலை தொடங்கியது. பெஸ்டுக்குத் தேர்வு முடிந்த கை ஓயவில்லை. அதற்குள் ஆராய்ச்சி!

அறுவை செய்யும் அறை மேல்மாடியில், கூரைக்கு நேர் கீழே இருந்தது. அந்த ஆண்டு டொரன்டோவில் கடுமையான வெயில். தார் பூசிய கூரை காய்ந்தது. அறை அடுப்பைப் போல இருந்தது.

பாண்டிங் அறுவை செய்வார். பெஸ்ட் அளவு பார்ப்பார். இதுதான் வேலைப் பங்கீடு.

அளவு பார்ப்பது என்றால் சாதாரண வேலை அல்ல. நாயின் உடம்பில் இருந்து சிறிது இரத்தம் எடுக்க வேண்டும். அதில் ஒரு இரசாயனத்தைச் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். சர்க்கரை எவ்வளவு இருக்கிறதோ அதற்குத் தக்கபடி நிறம் ஏறும். அந்த நிறத்தை ஒரு கருவியில் வைத்து, அளவு தெரிந்த நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குழாயில் துளி அழுக்கு இருந்தாலும் கணக்குத் தப்பிவிடும். கணக்குத் தப்பினால் மருந்து வேலை செய்ததா இல்லையா என்றே தெரியாமல் போய்விடும்.

முன்பெல்லாம் ஒரு தடவை அளப்பதற்கே நிறைய இரத்தம் வேண்டி இருந்தது. அந்தச் சமயத்தில் கொஞ்சம் இரத்தத்திலேயே அளக்கும் புதிய முறைகள் வந்திருந்தன. அவை பெஸ்டுக்குப் பழக்கம். ஆகையால் ஒரே நாயை மணிக்கொரு தடவை சோதிக்க முடிந்தது.

தொடக்கத்தில் எல்லாம் தோல்விதான். நாய்கள் ஒவ்வொன்றாக இறந்தன. காயத்தில் சீழ் வைத்தது. பேராசிரியர் மெக்லவுட் ஜூன் மாதத்தில் தம் தாய்நாடான ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டார். இருவரும் தனியே நின்றார்கள். நாய்கள் போதவில்லை. வெளியில் விலைக்கு வாங்கினார்கள்.

பெஸ்டுக்கு முதலில் சம்பளம் கிடையாது. திட்டும் கிடைத்தது! அவர் பட்டாளப் பயிற்சிக்காகச் சில நாட்கள் போய்த் திரும்பியபோது, பாண்டிங் கோபமாக இருந்தார். பெஸ்டின் வேலையில் சுத்தம் இல்லை, கலவைகள் சரியான அளவில் இல்லை என்று கண்டித்தார். பெஸ்ட் முகம் சிவந்தார். ஆனால் வேலையை விட்டுப் போகவில்லை. இரவோடு இரவாகப் பாத்திரங்களை எல்லாம் கழுவித் துடைத்து, கலவைகளைப் புதிதாகச் செய்து வைத்தார். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டு வேலை செய்தார்கள்.

நாலு வாரம் முடிந்தது. இனி கிளார்க் வரவேண்டிய முறை. ஆனால் பெஸ்டின் கை இப்போது வேலையில் நன்றாகப் பழகி இருந்தது. நடுவில் ஆளை மாற்றினால் வேலை கெடும். ஆகையால் கிளார்க் பெருந்தன்மையோடு விட்டுக் கொடுத்தார். பெஸ்டே நீடித்தார்.

410-ம் நம்பர் நாய்

ஜூலை மாதத் தொடக்கத்தில் இன்னொரு இடி. முன்பு கட்டிய நாய்களைத் திறந்து பார்த்தால், பலவற்றில் கட்டு அவிழ்ந்து போயிருந்தது! நரம்பு நூலை விட்டுவிட்டுப் பட்டு நூலால் மறுபடியும் கட்டினார்கள். மறுபடியும் காத்திருந்தார்கள்.

ஜூலை 30-ந் தேதி. சுருங்கிய கணையம் ஒன்றை எடுத்து, குளிர்ந்த உப்பு நீரில் அரைத்து வடிகட்டினார்கள். அந்தச் சாற்றை 410-ம் நம்பர் நாய்க்கு ஊசி மூலம் ஏற்றினார்கள். அது கணையம் எடுக்கப்பட்டு, நீரிழிவு வந்த நாய்.

பெஸ்ட் அளந்தார். ஊசி போடும் முன்பு சர்க்கரை 0.20 சதவீதம். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தார். 0.12 சதவீதம்!

சர்க்கரை இறங்கிவிட்டது!

அந்த நாய் மறுநாள் இறந்துவிட்டது. ஆனால் நம்பிக்கை இறக்கவில்லை. ஆகஸ்டு மாதத்தில் 92-ம் நம்பர் நாய் கணையம் இல்லாமலே சுமார் 20 நாள் உயிரோடு இருந்தது. அது துள்ளிக் குதித்து அறை எங்கும் திரிந்தது. எல்லோருக்கும் செல்லமாகிவிட்டது. மருந்து தீர்ந்தது, நாயும் இறந்தது. பாண்டிங் கண் கலங்கினார். மனிதப் பிள்ளைகள் பிழைப்பதற்காக அந்த வாயில்லாப் பிராணிகள் உயிர் கொடுத்தன என்பதை நாம் மறக்கக்கூடாது.

செப்டம்பரில் மெக்லவுட் திரும்பி வந்தார். கணக்குகளைப் பார்த்தார். இன்னும் உறுதியான சான்று வேண்டும், சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள் என்று கேட்டார். பாண்டிங்குக்குக் கோபம் வந்தது. ஆனால் பேராசிரியர் கேட்டது நியாயமே. சோதனைகள் தொடர்ந்தன. சம்பளத்துக்கும் மெக்லவுட் ஏற்பாடு செய்தார்.

கணையத்துக்கு நாய்களை நம்பி இருக்க வேண்டியது இல்லை என்பதும் விரைவில் தெரிந்தது. இறைச்சிக் கூடத்தில் இருந்து மாட்டின் கணையத்தை வாங்கி, சாராயத்தில் ஊற வைத்துச் சாறு எடுத்தார்கள். டிசம்பரில் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர் இரசாயன நிபுணரும் குழுவில் சேர்ந்தார். சாற்றைச் சுத்தப்படுத்துவது அவர் பொறுப்பு.

முதல் ஊசி

டொரன்டோ ஆஸ்பத்திரியில் லியோனார்டு தாம்சன் என்ற சிறுவன் கிடந்தான். அவனுக்கு வயது 14 கூட நிறையவில்லை. எடை 65 பவுண்டு, அதாவது 30 கிலோவுக்கும் குறைவு. பட்டினி வைத்தியத்தால் எலும்புக் கூடாக இருந்தான்.

முதலில் பாண்டிங்கும் பெஸ்டும் ஒருவருக்கு ஒருவர் ஊசி போட்டுப் பார்த்தார்கள். கை சிவந்தது. வேறு தீங்கு இல்லை.

1922 ஜனவரி 11-ந் தேதி லியோனார்டுக்கு ஊசி போடப்பட்டது. பாண்டிங்கும் பெஸ்டும் தயாரித்த பழுப்பு நிறச் சாறு அது. சர்க்கரை கால் பங்கு குறைந்தது. ஆனால் ஊசி போட்ட இடம் வீங்கியது. டாக்டர்கள் மருந்தை நிறுத்திவிட்டார்கள். பெஸ்டுக்குப் பெரிய ஏமாற்றம்.

காலிப் இரவு பகலாக உழைத்து, சாற்றைச் சுத்தமாக்கும் வழியைக் கண்டார். ஜனவரி 23-ந் தேதி மறுபடியும் ஊசி போட்டார்கள். இந்தத் தடவை தப்பவில்லை! சர்க்கரை மளமளவென்று இறங்கியது. பையன் தெம்பு பெற்றான். அதற்குப் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

தீவு என்பதற்குரிய லத்தீன் சொல்லில் இருந்து மருந்துக்கு இன்சுலின் என்று பெயர் வந்தது.

அடுத்தது இன்னொரு சோதனை. அந்த ஆண்டு வசந்த காலத்தில் மருந்து திடீரென்று சரியாக வரவில்லை. பெரிய அளவில் காய்ச்சினால் வீரியம் இல்லை. நோயாளிகளின் பெற்றோர் வாசலில் காத்து நின்றார்கள். கொடுக்க மருந்து இல்லை! குழுவினர் எல்லோரும் போராடி, இழந்த வழியை மீண்டும் பிடித்தார்கள். கன்னாட் மருந்துச் சாலையில் இன்சுலின் தயாரிக்கும் பொறுப்பு பெஸ்டிடம் வந்தது. அப்போது அவர் வயது 23.

அந்தக் கோடையில் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி டொரன்டோவுக்கு வந்தாள். அமெரிக்க மந்திரி ஒருவரின் மகள். 15 வயது நிறையும் பருவத்தில் அவள் எடை 45 பவுண்டு. அதாவது 20 கிலோ! இன்சுலின் அவளைக் காப்பாற்றியது. அவள் வளர்ந்து, மணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 1981-ம் ஆண்டு வரை வாழ்ந்தாள்.

தலைக்கு ஒரு டாலர்

இவ்வளவு பெரிய மருந்தைக் கண்டவர்கள் கோடீசுவரர் ஆகி இருக்கலாம் அல்லவா? அவர்கள் ஆகவில்லை. 1923 ஜனவரியில் பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு விற்றார்கள். விலை எவ்வளவு தெரியுமா? தலைக்கு ஒரு டாலர்!

பரிசு யாருக்கு?

1923-ம் ஆண்டு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பாண்டிங், மெக்லவுட் என்ற இரண்டு பெயர்கள்தான் இருந்தன. பெஸ்ட் பெயர் இல்லை. அவர் பெயரை யாரும் சிபாரிசு செய்திருக்கவில்லை.

பாண்டிங் கொதித்தார். தம் பரிசுப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மெக்லவுடும் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார்.

பெஸ்ட் முடங்கிப் போகவில்லை. மருத்துவம் படித்து 1925-ம் ஆண்டில் டாக்டர் ஆனார். லண்டன் சென்று மேலும் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றார். 1929-ம் ஆண்டு, மெக்லவுட் வகித்த அதே பேராசிரியர் பதவி பெஸ்டைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது 30!

ஈரலில் கொழுப்புச் சேராமல் தடுக்கும் கோலின் என்ற சத்தைப் பற்றி ஆராய்ந்தார். இரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தை மனிதர்களுக்குக் கொடுக்கும் அளவுக்குச் சுத்தப்படுத்தும் வேலையை அவர் குழு செய்தது. அந்த ஹெப்பாரினுக்கு வழி காட்டியவரும் ஒரு மாணவரே. 1916-ம் ஆண்டு அமெரிக்காவில் மருத்துவம் படித்துக் கொண்டிருந்த ஜே மெக்லீன்தான் அவர்.

டெய்லர் என்பவருடன் சேர்ந்து பெஸ்ட் எழுதிய உடலியல் புத்தகம் 1937-ம் ஆண்டு வெளிவந்தது. இந்திய மருத்துவக் கல்லூரி மாணவர்களும் அதைப் படித்தார்கள். பெஸ்ட் அண்டு டெய்லர் என்றால் பழைய டாக்டர்களுக்கு இன்றும் தெரியும்.

ஒரு தவறு

பெரிய மனிதர்களிடமும் குறை உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ருமேனியா நாட்டில் பவுலெஸ்கு என்ற விஞ்ஞானியும் கணையச் சாற்றை நாய்களுக்குக் கொடுத்து, சர்க்கரையைக் குறைத்துக் காட்டி இருந்தார். அவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரை 1921-ம் ஆண்டிலேயே வந்தது. பாண்டிங்கும் பெஸ்டும் 1922-ல் எழுதிய முதல் கட்டுரையில், அவர் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டு, தலைகீழாக எழுதிவிட்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1969-ம் ஆண்டு, பெஸ்ட் இதற்காக வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். இரத்தத்தை அளப்பதில் இருந்த கவனம், மற்றவர் எழுத்தைப் படிப்பதில் இல்லாமல் போயிற்று!

வயதான காலத்தில், இன்சுலின் கதையில் தம் பங்கை அவர் கொஞ்சம் பெரிதாகவே சொல்லி வந்தார். பரிசு கிடைக்காத புண் ஆறவில்லை போலும். பிற்காலத்தில் மைக்கேல் பிளிஸ் என்ற சரித்திர ஆசிரியர் பழைய குறிப்பு நோட்டுகளை எல்லாம் புரட்டினார். இன்சுலின் நாலு பேர் உழைப்பில் வந்தது என்று அவர் எழுதினார். பாண்டிங்கின் பிடிவாதம், மெக்லவுடின் அறிவு, காலிப்பின் கைத்திறன், பெஸ்டின் அளவு... இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் லியோனார்டு பிழைத்திருப்பானா என்பது சந்தேகமே.

பாண்டிங் 1941-ம் ஆண்டு விமான விபத்தில் இறந்தார். பெஸ்ட் 1978-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி டொரன்டோ நகரில் காலமானார். அவருக்கு வயது 79. இருவர் சமாதியும் டொரன்டோவில் ஒரே இடுகாட்டில் இருக்கின்றன.

கிளார்க் என்ன ஆனார்?

காசு சுண்டிய இன்னொரு மாணவரை மறந்துவிட்டோமே!

கிளார்க் நோபிளும் இன்சுலின் ஆராய்ச்சியில் பிறகு சேர்ந்து கொண்டார். முயல்களுக்கு மருந்து கொடுத்து அதன் வேகத்தை ஆராய்ந்த கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. பிற்பாடு டாக்டர் ஆனார். ஆனால் உலகம் அவரை அறியவில்லை.

காசு வேறு பக்கம் விழுந்திருந்தால்? அப்போதும் இன்சுலின் வந்திருக்கலாம். நாம் கிளார்க்கைப் பற்றி எழுதிக் கொண்டிருப்போம்.

ஆனால் காசு செய்தது ஒன்றுதான். யார் முதலில் உள்ளே போவது என்று அது சொன்னது. திட்டு வாங்கிய அன்று கதவைச் சாத்திவிட்டுப் போவதா, அல்லது விடிய விடியப் பாத்திரம் கழுவுவதா என்பதைக் காசு சொல்லவில்லை. அதைப் பெஸ்டே முடிவு செய்தார்.

இன்றும் பல நாடுகளில் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஆராய்ச்சிச் சாலைகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு முதலில் கிடைப்பது கழுவுவது, அளப்பது, குறித்து வைப்பது போன்ற வேலைகள்தான். இது என்ன வேலை என்று சலித்துக் கொள்ளும் மாணவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.